செய்திகள் வாசிப்பது

‘செய்திகள் வாசிப்பது’ என்று ஒரு குரல் சொல்லும். அதற்கும் அடுத்து வரும் பெயருக்கும் நடுவே மூச்சுவிடும் அளவுக்கு ஓர் இடைவெளி. பிறகு சரோஜ் நாராயணஸ்வாமி என்றோ வேறொரு பெயரோ. டெல்லியிலிருந்து வந்த ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியறிக்கை இப்படித்தான் தொடங்கும். தொலைக்காட்சி வந்தபோது அதே மரபை ஒரு முகத்தோடு சேர்த்து நம் கூடங்களுக்குள் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தத் தொடரை நினைக்கையில் அதன் வினைச்சொல்தான் நம்மை நிறுத்துகிறது. சொல்வது என்றோ வழங்குவது என்றோ இல்லாமல், வாசிப்பது. யாரோ எழுதிய ஒன்றை உங்கள் முன்னால் வாசிக்கிறேன், என் வேலை அவ்வளவுதான் என்ற ஒப்புதல் அதில் இருந்தது. வீணையையும் நாதஸ்வரத்தையும்கூட நாம் வாசிக்கத்தான் செய்கிறோம். அங்கும் பாட்டு இன்னொருவருடையது, வாசிப்புதான் கலைஞருடையது. மொழி சில சமயம் இப்படித் தற்செயலாக உண்மையைச் சொல்லிவிடுகிறது.

பழைய தூர்தர்ஷன் செய்திகளைப் பற்றிய ஏக்கம் நம் தலைமுறையில் ஏறக்குறைய ஒரு தொற்றுநோயாகவே பரவியிருக்கிறது. ஐம்பதைக் கடந்த இருவர் சந்தித்துக்கொண்டால், இன்றைய செய்தி அலைவரிசைகளின் இரைச்சலைச் சபித்துவிட்டு, “அந்தக் காலத்தில் ஷோபனா ரவி வாசிப்பார் பாருங்கள்” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நாமும் இதற்கு விலக்கல்ல. ஆனால் இந்த ஏக்கத்துக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நாம் இழந்துவிட்டதாகப் புலம்பும் அந்த நிதானம், போட்டியில்லாத அரசு ஏகபோகத்தில் விளைந்த பயிர். வாசித்தவரின் முகத்தில் தெரிந்த அமைதியும், அவருக்கு எழுதிக்கொடுத்தவர் காத்த மௌனமும் ஒரே மேசையில்தான் இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட முடியுமா? இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

*

இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. வானொலியின் பின்கட்டில் பிறந்த குழந்தை அது. பாராளுமன்றத் தெருவிலிருந்த ஆகாசவாணி பவனில் ஒரு சிறு ஸ்டூடியோ, 500 வாட் டிரான்ஸ்மிட்டர், யுனெஸ்கோவின் உதவி, வாரம் இருமுறை ஒருமணிநேர நிகழ்ச்சி. ஊர் கூடிப் பார்ப்பதற்கென்று அமைக்கப்பட்ட மன்றங்களில்தான் பெட்டிகள் இருந்தன. 1965-ல் அன்றாட ஒளிபரப்பு தொடங்கியபோது ஐந்து நிமிடச் செய்தியறிக்கை ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதை வாசித்த பிரதிமா புரிதான் இந்தியத் தொலைக்காட்சியின் முதல் செய்தி வாசிப்பாளர்.

1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் தனி நிறுவனமாகப் பிரிக்கப்படும்வரை தொலைக்காட்சி வானொலியின் கூரைக்குக் கீழேதான் இருந்தது. இதை ஒரு நிர்வாகத் தகவலாகக் கடந்துவிடக் கூடாது. செய்தி வாசிப்பவர் எப்படி இருக்கவேண்டும் என்ற இலக்கணம் முழுவதும் வானொலிக்காரர்கள் வகுத்தது. காந்தியின் இறுதி ஊர்வலத்தை 1948-ல் மெல்வில் டி மெல்லோ மணிக்கணக்காக வர்ணித்த குரல் அவர்களுக்கு முன்னுதாரணம். டெல்லித் தமிழ்ச் செய்திப் பிரிவில் வாசித்தவர்களில் பூர்ணம் விசுவநாதனும் ஒருவர். பின்னாளில் சுஜாதாவின் நாடகங்களில் நடித்து நமக்கு நெருக்கமானவர். நாடகமேடைக்கும் செய்தி மேசைக்கும் தமிழில் இருந்த உறவு ஆராயத்தக்கது. சென்னைத் தொலைக்காட்சியிலும் டி.வி. வரதராஜன் மேடையிலிருந்து வந்தவர்தான். உரையாடலை நெட்டுருப்போட்டுப் பழகிய நாக்கு, அச்சடித்த வாக்கியத்தின் தலையும் வாலும் தெரிந்து வாசிக்கும். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. மேடையில் உணர்ச்சியைக் கொட்டியவர் இங்கே அதைத் தொண்டைக்குக் கீழேயே நிறுத்திவைக்கவேண்டும்.

சென்னை நிலையம் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஜூன் 25-ஆம் தேதி இரவிலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தொரு நாட்கள். பத்திரிகைகள் தணிக்கைக்காரரின் முத்திரைக்குக் காத்திருந்த நாட்களில் நம் தொலைக்காட்சி கண்விழித்தது. கல்கத்தா நிலையம் அதற்குச் சில நாட்கள் முன்னதாக, அதே மாதம்தான். தமிழ்நாட்டில் கருணாநிதியின் அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டபோது சென்னை நிலையத்துக்கு ஆறு மாதம்கூட நிறையவில்லை. நமக்குக் கிடைத்த முதல் தொலைக்காட்சிச் செய்திகள் தணிக்கை செய்யப்பட்ட செய்திகள். ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இந்தப் பிறப்புச் சான்றிதழை அதிகம் எடுத்துப்பார்ப்பதில்லை. 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசவிருந்த மாலையில், மக்களை வீட்டிலேயே நிறுத்திவைக்க ‘பாபி’ படத்தை ஒளிபரப்பினார்கள். கூட்டம் வந்துவிட்டது என்பது வேறு கதை. ஜனதா அரசு வந்ததும் ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதைப் பற்றி வெள்ளை அறிக்கை வந்தது. தன்னாட்சி வேண்டும் என்று வர்கீஸ் குழு 1978-ல் பரிந்துரைத்தது. அதற்கான பிரசார் பாரதிச் சட்டம் 1990-ல் நிறைவேறி, 1997-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் குழுக்களின் அறிக்கைகளும் ஒருவகைச் செய்தி வாசிப்புத்தான். வாசித்து முடித்ததும் தாளை அடுக்கிவைத்துவிடலாம்.

*

இனி ஸ்டூடியோவுக்குள் செல்வோம். நம்முடைய ஏக்கத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு மேசை. அதன் பின்னால் மங்கலான ஒற்றை நிறத் திரை அல்லது மரப்பலகைச் சுவர். மேசைமேல் ஒரு மைக், சில சமயம் தொலைபேசி. அந்தத் தொலைபேசி ஒருமுறைகூட மணியடித்து நாங்கள் கேட்டதில்லை. ஆனாலும் அது அங்கே இருப்பது உலகத்தோடு ஏதோ தொடர்பு இருப்பதற்கான சாட்சியாகத் தோன்றியது. தலைப்பு எழுத்துகள் பல நிலையங்களில் ஓவியரின் கையால் அட்டையில் எழுதப்பட்டு, ஒரு தாங்கியில் நிறுத்தி, இன்னொரு காமிராவால் காட்டப்பட்டவை. எழுத்தின் வளைவில் தூரிகை தயங்கிய இடம்கூடத் தெரியும். செய்திப்படம் 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்ட காலத்தில், நிகழ்ச்சி நடந்த இடத்திலிருந்து சுருள் நிலையத்துக்கு வரவேண்டும், இரசாயனத்தில் கழுவப்படவேண்டும், வெட்டி ஒட்டப்படவேண்டும். வெளியூர்ச் சுருள் விமானத்திலோ ரயிலிலோ வந்துசேரும். ஆகவே இன்றைய செய்திக்கு நேற்றைய படம் என்பது வழக்கம். படமே இல்லாதபோது அமைச்சரின் புகைப்படத்தை அசையாமல் காட்டுவார்கள். பின்னால் வீடியோ நாடா வந்து இந்தத் தாமதத்தைக் குறைத்தது.

இப்படிப் படம் குறைவாக இருந்ததால்தான் முகம் பெரிதாயிற்று. இதை அழகியல் தேர்வு என்று யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை, அதனால் வாசிப்பவரைக் காட்டினார்கள். அந்த வறுமையிலிருந்து ஒரு கலை உருவானது. டெலிபிராம்ப்டர் வருவதற்கு முன்னால் வாசிப்பவரின் கையில் தட்டச்சு செய்த தாள்கள். கண் தாளுக்குக் கீழே இறங்கவேண்டும், வாக்கியத்தின் பாதியை அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும், மீதியை நம்மைப் பார்த்துச் சொல்லவேண்டும். எந்தச் சொல்லில் நிமிர்வது என்பதில்தான் ஒருவரின் தரம் இருந்தது. தேர்ந்தவர்கள் வினைமுற்றுக்கு நிமிர்வார்கள். தமிழ் வாக்கியத்தின் பாரம் கடைசியில் இருப்பதால் இது இயல்பாகவே பொருந்திவிட்டது. ‘இறந்தனர்’ என்பதைத் தாளைப் பார்த்துச் சொல்வதற்கும் நம்மைப் பார்த்துச் சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! டெலிபிராம்ப்டரில் கண்கள் இறங்குவதேயில்லை. இமைக்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தில் நமக்கு ஏனோ நம்பிக்கை குறைந்துவிடுகிறது. தாளைப் பார்த்தவர்கள் தாங்கள் வாசிப்பதை மறைக்கவில்லை.

காமிராவுக்குப் பக்கத்தில் தரை மேலாளர் நிற்பார். அவருடைய காதில் இருந்த கருவி வழியாகக் கட்டுப்பாட்டு அறையின் ஆணை வரும். அவர் கையை இறக்கினால் பேசவேண்டும். நடுவில் படம் வராமல் போனால் வாசிப்பவர் ஒரு விநாடி, இரண்டு விநாடி நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த இரண்டு விநாடிகள் நீண்ட காலம் போலிருக்கும். அதற்கும் மேலே போனால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை வந்துவிடும். தமிழில் அரசாங்கம் இவ்வளவு தவறாமல் வருத்தம் தெரிவித்த வேறொரு துறை இருந்ததா என்று யோசித்துப்பார்க்கிறோம்.

உச்சரிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ழகர, ளகர, லகரத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் தினமும் வீட்டுக்கு வந்துபோனார் என்பது சாதாரண விஷயம் இல்லை. பள்ளித் தமிழாசிரியருக்கு அடுத்தபடி செந்தமிழை ஒலியாகக் கேட்ட இடம் பலருக்கு அதுதான். ஷோபனா ரவி, பாத்திமா பாபு போன்றவர்களின் புடவையையும் ரவிக்கையையும் பற்றி வீடுகளில் நடந்த விவாதங்கள் தனிக்கட்டுரைக்கு உரியவை. ‘எதிரொலி’ நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார்கள். அந்த நிலையத்தோடு ஊருக்கு ஒரு குடும்பத்துக்குரிய சண்டையும் சமாதானமும் இருந்தது.

*

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அந்தச் செய்தியறிக்கையில் இன்னொரு ஆர்வமும் உண்டு: அதன் உரைநடை. செய்தி நிறுவனங்களின் ஆங்கில வாக்கியம் செய்தியறையில் தமிழாகும். அவசரத்தில் பிறந்த அந்தத் தமிழ் ஒரு தனி இலக்கணத்தையே உருவாக்கிவிட்டது. அதன் சூட்சுமம் முழுவதும் வினைமுற்றில் இருந்தது. சாதாரண மனிதர் ‘கூறினார்’. அதிகாரி ‘தெரிவித்தார்’. மாநில அமைச்சர் ‘கேட்டுக்கொண்டார்’. மத்திய அமைச்சர் ‘வலியுறுத்தினார்’. பிரதமர் ‘சுட்டிக்காட்டினார்’, பாகிஸ்தானைப் பற்றியென்றால் ‘எச்சரித்தார்’. எதிர்க்கட்சிக்காரர் எப்போதும் ‘குற்றம்சாட்டினார்’. சுட்டிக்காட்டும் உரிமை அவருக்குக் கிடையாது. நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து, பெயரை விட்டுவிட்டு வினைமுற்றை மட்டும் கேட்டே பேசியவர் யார் என்று ஊகிக்கும் விளையாட்டை ஆடியதுண்டு. பெரும்பாலும் தோற்றதில்லை.

இன்னும் நுட்பமானது செய்யப்பாட்டு வினை. ‘துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது.’ நடத்தியவர் வாக்கியத்துக்குள் இல்லை. ‘நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.’ எந்த நிலைமை, யார் கட்டு? ‘இயல்புநிலை திரும்பிவருகிறது.’ இயல்புநிலை என்பது எங்கோ வெளியூர் போயிருந்த உறவினர் மாதிரி ரயிலேறித் திரும்பிவரும். எழுவாயைக் களவாடிய இந்த வாக்கியங்கள், பிசிறில்லாத உச்சரிப்பில், வினைமுற்றுக்கு நிமிரும் கண்களோடு நமக்கு வாசிக்கப்பட்டன. குரல் எவ்வளவு அழகாக இருந்ததோ அவ்வளவு எளிதாக அந்த ஓட்டை நம் காதிலிருந்து தப்பியது. இதை இப்போது எழுதும்போது நமக்கே சற்றுக் கசப்பாக இருக்கிறது.

வாசித்தவர்களை இதற்குக் குறைசொல்ல முடியாது. அவர்களில் பலர் செய்தியாளர்களே இல்லை. வேறு தொழிலில் இருந்துகொண்டு, மாலையில் வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள். ஆங்கிலச் செய்தியின் இடிமுழக்கக் குரலான தேஜேஸ்வர் சிங் புத்தகப் பதிப்பாளர்; சேஜ் பதிப்பகத்தின் இந்தியக் கிளையைக் கட்டியெழுப்பியவர். எழுதியவர்கள் அரசு ஊழியர்கள். வாசித்தவருக்கு ஒரு சொல்லை மாற்றவும் உரிமையில்லை. ‘வாசிப்பது’ என்ற வினை எவ்வளவு நேர்மையானது என்று முதலில் சொன்னோமல்லவா? அதே நேர்மைதான் எழுதியவர் ஒளிந்துகொள்ளத் தோதான திரையாகவும் ஆனது.

*

1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் ஒன்றாக வந்தன. அந்த நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இன்சாட் செயற்கைக்கோள் வழியே டெல்லி மாலைநேரத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1984-ல் நாளொன்றுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் சிற்றூர்கள்வரை ஒளிபரப்பு விரிந்தது. இந்தத் தொலைக்காட்சி இந்தியாவுடையதா, டெல்லியுடையதா என்ற கேள்வியை பி.சி. ஜோஷி குழு அப்போதே எழுப்பியது. தமிழ்நாட்டுக்கு அந்தக் கேள்வி தினமும் மாலையில், இந்திச் செய்தி தொடங்கும்போது எழுந்தது. 1965-ஐ மறக்காத ஊரில் பலர் அந்நேரம் பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப்போனார்கள்.

அணைக்காதவர்கள் நாங்கள். சொல் புரியாது. அதனால் வேறு வழியில்லாமல் வாசிப்பவரைப் பார்த்தோம். சென்னையில் ‘ஒளியும் ஒலியும்’ வெள்ளிக்கிழமை மட்டும்தான். டெல்லியிலிருந்து ஒளி மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது. சல்மா சுல்தானின் காதோரம் ஒரு ரோஜா இருக்கும். புடவையின் நிறத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று கண் தேடும். 1967 முதல் முப்பதாண்டுகள் வாசித்த அவருடைய மொழியில் நான்கு சொற்கள்கூடத் தெரியாமல், முகபாவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்று விபத்தா, பேச்சுவார்த்தையா என்று சொல்லப் பழகிவிட்டோம். பிறகு ஆங்கிலத்தில் கீதாஞ்சலி ஐயர், மினு தல்வார், நீத்தி ரவீந்திரன், ரினி சைமன். ஆங்கிலம் பாதி புரியும். கீதாஞ்சலி ஐயர் சொன்ன மாதிரி ஒரு பெயரைச் சொல்லிப்பார்த்துக் கண்ணாடிமுன் நின்றவர்கள் ஊருக்கு ஊர் இருந்திருப்பார்கள். செய்தி வாசிப்பை வெறும் வழங்குமுறையாக, பொருளிலிருந்து பிரித்து ரசித்தவர்கள் தமிழர்களாகத்தான் இருக்கவேண்டும். எங்கள் ஏக்கம் இந்திக்காரர்களின் ஏக்கத்தைவிடச் சுத்தமானது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

1984 அக்டோபர் 31 அப்படி வேடிக்கையாகச் சொல்லக்கூடிய நாள் அல்ல.

அன்று காலை ஒன்பதரை மணிக்குச் சற்று முன்னால் இந்திரா காந்தி தம் இல்லத் தோட்டத்தில் மெய்க்காவலர்களால் சுடப்பட்டார். பிபிசி அவர் இறந்துவிட்டதை மதியமே உலகுக்குச் சொன்னது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்திலிருந்த மகன் ராஜீவ் காந்தியே நிலைமையை அறிய பிபிசியைத்தான் கேட்டார் என்பது பிறகு பலரும் பதிவுசெய்த செய்தி. தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் அதை வாசித்தபோது சுடப்பட்டு ஏறக்குறைய பத்து மணிநேரம் கடந்திருந்தது.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் மதியமே தெரியும். கடைகள் இறக்கப்பட்டிருந்தன, சிற்றலை வானொலி வைத்திருந்த ஒருவர் வாசலில் நின்று சொல்லியிருந்தார். இருந்தும் யாரும் அதை முழுவதும் நம்பவில்லை. ‘டி.வி.யில் சொல்லட்டும்’ என்றே காத்திருந்தார்கள். மரக்கதவு வைத்த டயனோரா பெட்டியின் முன்னால் அந்த மாலையில் கூடியிருந்தவர்களில் யாருக்கும் இந்தி தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த முகம் திரைக்கு வந்தவுடனேயே கூடத்தில் ஒரு கிழவி அழத் தொடங்கினார். பொய்யையும் மௌனத்தையும் அந்தப் பெட்டி எத்தனையோ முறை எங்களுக்குத் தந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் மரணம் அந்த முகத்தின் வழியே வந்தபிறகுதான் மரணம் ஆயிற்று. பத்து மணிநேரம் செய்தியை அடக்கிவைத்த நிறுவனத்தின் முகம்தான் அது. அந்த நம்பிக்கையை என்ன பெயரிட்டு அழைப்பது என்று இன்றுவரை நமக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த நாட்களை ஏக்கப்படுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை நினைத்துப்பார்க்கவேண்டும். தீன்மூர்த்தி பவனில் உடல் வைக்கப்பட்டிருந்தது. காமிராக்கள் நேரலையில் மணிக்கணக்காக அங்கேயே நின்றன. இரத்தத்துக்கு இரத்தம் என்று கூட்டத்தில் எழுந்த முழக்கம் திறந்திருந்த மைக் வழியே நாடு முழுவதும் கேட்டது. பிற்காலச் சாட்சியங்கள் பலவற்றில் இது இடம்பெற்றிருக்கிறது. தெருக்களில் சீக்கியர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கக் கணக்கின்படியே டெல்லியில் மட்டும் 2,733 பேர். அந்தக் காமிரா அங்கே திரும்பவில்லை. செய்தி மேசையில் வழக்கமான நிதானம், வழக்கமான செய்யப்பாட்டு வினை. நேரலையின் கட்டற்ற இரைச்சல் ஒருபுறம், எழுதி வாசித்ததன் கட்டுக்கோப்பான அமைதி மறுபுறம். இரண்டும் சேர்ந்து அந்த நான்கு நாட்களில் தோற்றன. இன்றைய தொலைக்காட்சியின் நோயும் நேற்றைய தொலைக்காட்சியின் நோயும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தெரிந்த நாட்கள் அவை.

*

அக்காலத்துப் பார்வையாளர் முட்டாள் அல்லர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். தூர்தர்ஷனில் முகத்தைப் பார்த்தவர்கள் இரவு ஒன்பதேகாலுக்கு வானொலியைத் திருப்பி லண்டன் தமிழோசையில் செய்தியைக் கேட்டார்கள். சிற்றலையின் ஏற்ற இறக்கத்தில் சங்கரமூர்த்தியின் குரல் வந்துபோகும். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணிக்கும் ஈழச் செய்திகளுக்காகவே பெரிய கூட்டம் இருந்தது. தென்கடலோர மாவட்டங்களில் ஆண்டெனாவை உயர்த்திக் கட்டி இலங்கையின் ரூபவாகினியையே பார்த்தார்கள். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் போரில் இறங்கியபோது, ஒரே நாளில் ஒரே ஊரைப் பற்றி இரண்டு மூன்று விதமான வாக்கியங்களை ஒரே வீட்டில் கேட்டோம். எந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. தாளில் இல்லாததை வாசிக்கும் பழக்கம் அது. அந்த வகையில் செய்தியைப் பெட்டியின் இருபுறமும் வாசித்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

பிறகு நடந்தவை விரைந்து நடந்தவை. 1988-ல் பிரணாய் ராயின் ‘தி வேர்ல்டு திஸ் வீக்’ தூர்தர்ஷனுக்குள்ளேயே ஒரு ஜன்னலைத் திறந்தது. உலகத்தைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், உள்ளூரைப் பற்றி அல்ல என்ற நிபந்தனை சொல்லப்படாமலே புரிந்தது. ‘நியூஸ்டிராக்’, தமிழில் ‘பூமாலை’ என்று வீடியோ கேசட்டில் இதழ்கள் வந்தன. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்ட காட்சியைத் தூர்தர்ஷன் காட்டவில்லை. கேபிள் இணைப்பு இருந்தவர்கள் பிபிசியில் பார்த்தார்கள். அந்த ஒரு நாளிலேயே பழைய மேசையின் கதை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். 1993 ஏப்ரல் 14-ல் சன் தொலைக்காட்சி வந்தது, 1995-ல் டிடி மெட்ரோவில் எஸ்.பி. சிங்கின் ‘ஆஜ் தக்’ வந்தது, அதன்பின் இருபத்துநான்கு மணிநேர அலைவரிசைகள். 2003-ல் தூர்தர்ஷனே டிடி நியூஸ் என்று அந்த வரிசையில் நின்றுகொண்டது. செய்தி முடியவேண்டும் என்ற விதியே மறைந்துபோயிற்று. முன்பு இருபது நிமிடத்தில் உலகம் முடிந்துவிடும். மிச்சமிருந்த இரவு நம்முடையது.

வாசிப்பாளர் என்ற சொல்லும் மெல்ல விலகி, தொகுப்பாளர், நெறியாளர் என்று ஆயிற்று. நெறியாளர் எனும்போது நெறிப்படுத்தும் அதிகாரமும் கூடவே வந்துவிடுகிறது. இவருடைய கையில் தாள் இருந்தாலும் அதை அவர் பார்ப்பதில்லை, நம்மை நோக்கி அசைக்கிறார். எழுவாய் திரும்பி வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் எல்லா வாக்கியத்திலும் அவரே எழுவாயாக இருக்கிறார். முன்னவரிடம் நமக்கிருந்த மனக்குறை வேறு, இவரிடம் இருப்பது வேறு. இரண்டில் எது மேல் என்று கேட்டால், 1984-ஐ நினைத்துப் பழையதைச் சொல்லத் தயங்குகிறோம். ஏதாவதொரு மாலை விவாதத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடுகிறது. மறுநாள் காலையில் திரும்பி வந்துவிடுகிறது.

தேஜேஸ்வர் சிங் 2007 டிசம்பரில் மறைந்தார். சரோஜ் நாராயணஸ்வாமி 2022 ஆகஸ்டிலும், கீதாஞ்சலி ஐயர் 2023 ஜூனிலும் போய்ச் சேர்ந்தார்கள். லண்டன் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-ல் நின்றது. ஆண்டெனாவில் வந்துகொண்டிருந்த தூர்தர்ஷனின் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் மிகப்பெரும்பாலானவை 2022-க்குள் அணைக்கப்பட்டன. சென்னை நிலையத்தின் ‘பொதிகை’ 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறியது. பொதிகை என்ற நல்ல பெயரை ஏன் எடுத்தார்கள் என்பது நமக்குப் பிடிபடவில்லை.

நமக்கு மிச்சமிருக்கும் காட்சி ஒன்றுதான். தலைப்புச் செய்திகளை மீண்டும் ஒருமுறை சொல்லி, வணக்கம் சொல்லி முடித்தவுடன் ஒலியை நிறுத்திவிட்டு இசையைப் போடுவார்கள். படம் மட்டும் சில விநாடிகள் இருக்கும். வாசித்தவர் தாள்களைச் சேர்த்து, மேசைமேல் இருமுறை தட்டி ஓரங்களை நேராக்குவார். தோள் சற்றே தளரும். பிறகு காமிராவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் யாரிடமோ திரும்பி ஏதோ சொல்வார். உதடுகள் அசைவது தெரியும். அந்த மாலையில் அவர் தாமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அது என்னவென்று கேட்பதற்காக நாங்கள் பெட்டிக்கு மிக அருகே போய் நின்றிருக்கிறோம்.